துணைக்கு ஒரு பெயர்

அத்தியாயம் பதினொன்று

சீதேவி ‘ஓம்’ என்று சொன்னாள் என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வெறும் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். கழுவி வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது காரியம் முடிந்திருந்தது.

தம்பி சிந்துஜனுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் மெஷினோடு பிணைத்து இரத்தம் கழுவுகிறார்கள். சீனன்குடாவில் பார்த்த வேலையும் போய்விட்டது. மனைவி நிரோஜினியின் இரத்தம் சேரவில்லை. பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகிறவை. மிச்சமிருந்தது அக்கா ஒருத்திதான். அவளுக்குச் செய்த பரிசோதனைகளெல்லாம் பொருந்துகிறது என்றே வந்தன.

அன்று நிரோஜினியின் தமையன் சின்னராசா கதிரையை நடு ஹோலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கம் சொன்னார். கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எதையும் கரும்பலகையில் எழுதுவதுபோலத்தான் சொல்வார்.

“இதை உணர்ச்சியால பாக்கக் கூடாது. நன்மை எவ்வளவு, நட்டம் எவ்வளவு எண்டு பாக்கவேணும். சிந்துஜனுக்கு ஒண்டு நடந்தால் மனிசி, ரெண்டு பிள்ளையள், மூண்டு பேரும் நடுத்தெருவில. சீதேவிக்கு, நான் குறையாச் சொல்லேல்ல, பின்னால பாத்துக்கொண்டிருக்க ஒருத்தரும் இல்லைத்தானே. ஒரு கிட்னியோட சனம் கிழடாகும் மட்டும் இருக்குது. அப்ப கூட்டிக் கழிச்சுப் பாருங்கோ, ஆருக்கு நட்டம்? ஒருத்தருக்கும் இல்லை.”

பிறகு ஆபரேஷனுக்குக் கண்டிக்குப் போவதற்கான வேலைப் பங்கீடு நடந்தது. யார் வான் பிடிப்பது, யார் சிந்துஜனின் கட்டிலடியில் நிற்பது, யார் பத்தியச் சாப்பாடு கொண்டுபோவது, பிள்ளைகளை யார் வைத்துக்கொள்வது எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது.

ஒருத்தருக்கும் இல்லை. அந்தச் சொல் அன்றிலிருந்து சீதேவியின் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக் கிடந்தது. அம்மாவின் சீதன வீடு சீதேவியின் பேரில்தான் இருந்தது. அவள் படுப்பதோ அதன் பின்னறையில். அதற்குக்கூட அவள் ஒருநாளும் மனம் கோணியதில்லை. ஆனால் நட்டப்படுகிறவளையே நட்டக் கணக்கில் சேர்க்காமல் விட்டது ஏனோ ஆறவில்லை.

இன்றைக்கு டொக்டர் அவளைத் தனியாகப் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்.

*

காலையில் வழக்கம்போலக் கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனாள். அங்கே ஐஸ் தொழிற்சாலையின் விற்பனை யன்னலில் அவளுக்கு வேலை. வள்ளக்காரர் காசு கட்டுவார்கள், அவள் பற்றுத் துண்டு எழுதிக் கொடுப்பாள், உள்ளேயிருந்து பாளம் பாளமாக ஐஸ் சறுக்கிக்கொண்டு வரும். நாள் முழுக்க நூறு பேரோடு கதை. ஆனால் அந்தக் கதையெல்லாம் யன்னல் மட்டத்தோடு நின்றுவிடும்.

சம்பூர்க்காரர் கதிரவேல் மட்டும் துண்டை வாங்கிய பிறகும் கொஞ்சம் நிற்பார்.

“தங்கச்சி, இண்டைக்கு லீவெண்டு கேள்விப்பட்டன்?”

“அரை நாள்தான் அண்ணை. ஆஸ்பத்திரிக்குப் போறன்.”

“தம்பியோட மெஷினுக்கோ?”

“இல்லை. எனக்கு.”

அவர் விளங்கிக்கொண்டார். அவருக்கு விளங்காமல் வேறு யாருக்கு விளங்கும்? போர் முடிந்து ஊருக்குத் திரும்பி வந்து குடியேறிய காலத்தில், வள்ளத்துக்கு ஒரு எஞ்சின் வாங்குவதற்காகக் கொழும்புக்குப் போய் ஒரு சிறுநீரகத்தை விற்றுவிட்டு வந்தவர். ஐஸ் பாளத்தை இன்றைக்கும் வலது பக்கமாகத்தான் அணைத்துத் தூக்குவார். இடது விலாவுக்குக் கீழே சட்டைக்குள் ஒரு நீளத் தழும்பு இருந்தது.

“குடுத்ததுக்குப் பிறகு எப்பிடி இருக்கும் அண்ணை?” சீதேவி தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

“எப்பிடி இருக்கும்? பசிக்கும். நித்திரை வரும். மனிசி ஏசுவா. எல்லாம் முந்தின மாதிரித்தான்.” அவர் சிரித்தார். “விக்கிறது பாவம் எண்டு சொல்ற ஆக்கள் இருக்கினம். நான் சோளகக் காத்துக்குள்ள வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போகேக்க ஒருத்தரும் வந்து பாவம் எண்டு மறிச்சதில்லை. அங்க முழு உடம்பும் போகும். இங்க ஒரு துண்டுதானே.”

“அப்ப உங்களுக்கு நட்டமில்லை?”

அவர் ஐஸ் பாளத்தில் ஒட்டியிருந்த உமியைக் கையால் வழித்துவிட்டார்.

“குடுத்தது நட்டமில்லை, தங்கச்சி. படுத்திருந்ததுதான் நட்டம். சொந்தக்காரன் எண்டு பொய் சொல்லிக் கொண்டுபோய்ப் போட்டவங்கள். வெட்டி முடிஞ்ச பிறகு ஒரு சொந்தமும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கேல்ல. தண்ணி எடுத்துத் தர ஒரு கையில்லை. அந்த மனிசன் எங்கேயோ நல்லா இருக்கிறார், என்ர துண்டோட. தீபாவளிக்கு ஒரு போன்கூட இல்லை, பாருங்கோ.”

பின்னால் நின்றவன், “கதிரவேலண்ணை, கலியாணப் பேச்சே நடக்குது? ஐஸ் உருகுது!” என்று கத்தினான். கதிரவேல் அவனுக்கு ஒரு கெட்ட வார்த்தையை அன்பாகப் பரிசளித்துவிட்டு யன்னலை நெருங்கினார். குரல் தாழ்ந்தது.

“அந்தப் புரோக்கர் பாக்கியரத்தினம் இப்ப திரும்பவும் எங்கட படலையடிக்கு வாறான். என்னட்ட எடுக்க இனி ஒண்டுமில்லை. மகன் லதீசனைத்தான் பாக்கிறான். பொடியனுக்கு இருபத்திரண்டு வயது. கட்டாருக்குப் போகவேணுமாம், கையில காசில்லை.”

“நீங்கள் மறிக்கேல்லையோ?”

“என்னெண்டு மறிக்கிறது? ‘அப்பா, நீங்கள் வித்தனீங்கள்தானே’ எண்டு கேக்கிறான். நான் வாயை மூடிக்கொண்டு வலைக்குப் பக்கத்தில போய் இருந்திட்டன்.”

*

ஆஸ்பத்திரி நீள வாங்கில் நிரோஜினி பிளாஸ்கை மடியில் வைத்தபடி இருந்தாள். உள்ளே சிந்துஜன் மெஷினில் கிடந்தான். அவனுக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்கலாம். தாகத்தில் நாக்கு வறண்டு துடிப்பான். அதற்காகச் சீதேவி இரவே கொதித்தாறிய நீரைச் சின்னச் சின்னக் கட்டிகளாக உறைய வைத்துப் பிளாஸ்கில் போட்டுக் கொடுத்துவிடுவாள். ஒரு கட்டியை வாயில் அதக்கிக்கொண்டால் கொஞ்ச நேரம் தாங்கும்.

சீதேவியின் பெயரைக் கூப்பிட்டார்கள். நிரோஜினியும் எழுந்தாள்.

“நானும் வாறன். மச்சாள் பயந்திடுவா.”

“இல்ல, அவங்க மட்டும்,” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார் டொக்டர் சுஹைரா.

முக்காட்டின் விளிம்பை ஒரு விரலால் சரிசெய்துகொண்டு அவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“இந்த அறையில கதைக்கிறது இந்த அறையோட. உங்களுக்கு விருப்பமில்லாட்டி ஒரு சொல் போதும். காரணம் கேக்க மாட்டேன். வெளியில நிக்கிறவங்களுக்கு ‘பொருந்தல்ல’ன்னு மட்டும்தான் சொல்லுவேன். உங்களை ஒருத்தரும் குறை சொல்ல ஏலாது. உங்கட தம்பிக்கும் இதே கதைதான். அவரும் வேணாம்னு சொல்லலாம். அப்பவும் நான் வெளியில அதே சொல்லத்தான் சொல்லுவேன்.”

சீதேவிக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்த வேகத்தில் கண்ணும் கலங்கியது.

“என்னட்ட இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்ல டொக்டர்.”

“இப்ப நான் கேக்கிறேன்.”

அவள் கைப்பையின் வாரை முறுக்கினாள். “நான் இல்லையெண்டால் தம்பிக்கு?”

“மெஷினோட இருப்பார். மூளைச்சாவு அடைஞ்ச யாரோ ஒருத்தரோட குடும்பம் மனசு வச்சாக் கிடைக்கலாம். எப்பன்னு சொல்ல ஏலாது.”

“காசுக்கு எடுக்கிற ஆக்களும் இருக்கினம்.”

“அது குற்றம். என்ட காதுக்கு வந்தா நிப்பாட்டுவேன்.” டொக்டர் பேனையை மூடி வைத்தார். “காதுக்கு வராம நடக்கிறதும் எனக்குத் தெரியும். ஒருத்தருக்குக் காசு, ஒருத்தருக்கு உயிர், ரெண்டு பக்கமும் லாபம்தானேன்னு சொல்லுவாங்க. அப்படின்னா ஏன் எந்த நாளும் ஏழையே விக்கிறான், பணக்காரனே வாங்கிறான்னு நான் திருப்பிக் கேப்பேன். சரி, அத விடுங்க. ஆபரேஷன் கண்டியில. ரெண்டு பேருக்கும் ஒரே நாள். உங்கட கட்டிலடியில துணைக்கு யார் நிப்பாங்க?”

“நிரோஜினி...” என்று தொடங்கினாள் சீதேவி. நிரோஜினி சிந்துஜனோடு. சின்னராசா மருந்துக்கும் வெளி அலுவலுக்கும். சின்னராசாவின் மனைவி சமையலுக்கு. அவர்களுடைய மகள் பிள்ளைகளோடு. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலை மடித்தாள். விரல்கள் முடிந்தன. கை வெறும் பொத்திய கையாக மடியில் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பங்கீட்டில் அவளுடைய கட்டிலுக்கு ஆள் போடவில்லை. வேண்டுமென்று விட்டதல்ல, மறந்துபோனார்கள். வேண்டுமென்று விட்டிருந்தால் கோபப்பட்டாவது இருக்கலாம்.

“நான் தனியச் சமாளிப்பன் டொக்டர்.”

“வயித்த வெட்டின பிறகு தனிய எழும்ப ஏலாது அம்மா. வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசிங்க. வேணுமா வேணாமான்னு நீங்களே முடிவெடுங்க. வேணும்னா, துணைக்கு ஒரு பேரோட வாங்க.”

வெளியே வந்ததும் நிரோஜினி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். “என்ன கேட்டவ மச்சாள்?”

“சும்மா. சுகமோ எண்டு கேட்டவ.”

*

நிரோஜினியோடு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. சாவி கொடுக்கவேண்டும் என்று ஒரு சாக்குச் சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்கே திரும்பினாள். மத்தியான வெயிலில் உட்குடா தகரம்போல மினுங்கியது. ஒரு கப்பல் ஆளரவமில்லாமல் நின்றது. கரைக் கட்டின்மேல் காலை நீட்டிக்கொண்டு கதிரவேல் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

சீதேவி யன்னலுக்கு இந்தப் பக்கம் வந்து அவரோடு கதைப்பது இதுவே முதல்தடவை. என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

“அண்ணை, நான் ஆஸ்பத்திரியில படுத்தால் எனக்கு ஆர் நிப்பினம் எண்டு கேக்கினம்.” பகிடிபோலச் சொல்லத்தான் நினைத்தாள்.

கதிரவேல் வலையூசியை வாயிலிருந்து எடுத்தார்.

“நான் நிப்பன். ஆனால் பொம்பிளையளின்ர வாட்டில ஆம்பிளையை விடமாட்டினம்.” கொஞ்சம் யோசித்தார். “எங்கட வீட்டாளை அனுப்பிறன். அவவுக்குச் சிங்களமும் வாய்க்கு வரும். கண்டியில சமாளிப்பா. ஒரு பிலாக்காயை அவிக்கக் குடுத்தால் ஊரையே கூட்டுவா, ஆனால் வருத்தக்காரரைப் பாக்கிறதில அவவை அடிக்க ஆளில்லை.”

“அவ என்னை அறியாவே.”

“அறிஞ்ச ஆக்கள் வந்து என்னத்தைக் கிழிச்சவை? அப்ப எனக்கு ஒருத்தரும் நிக்கேல்ல, தானும் வரேல்ல எண்டு இண்டைக்கும் சொல்லி அழுவா. உங்களுக்கு நிண்டு அந்தக் கடனைத் தீர்க்கட்டும்.”

சீதேவி ‘ஓம்’ என்று தலையாட்டினாள். அவளாகச் சொன்ன முதல் ஓம் அதுதான்.

பஸ்ஸில் யன்னலோரம் இருந்துகொண்டு எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிப் பார்த்தாள். கொடுப்பது என்று முடிவு. சின்னராசா சொன்ன கூட்டல் கழித்தலுக்காக அல்ல. வேண்டாம் என்று சொல்லும் வழியைத் திறந்துவிட்டுத்தானே டொக்டர் கேட்டார்? திறந்த வழியால் போகாமல் நின்றால் அது அவளுடைய முடிவு. இன்னொன்றும் இருந்தது. அவள் கொடுத்தால், பாக்கியரத்தினம் யாருடைய படலையையும் தம்பிக்காகத் தட்டத் தேவையில்லை.

கோட்டை வீதியில், ஊருக்குள் திரியும் புள்ளிமான்களில் ஒன்று பஸ்ஸை மறித்துக்கொண்டு நின்று பத்திரிகைத் தாள் தின்றது. சாரதி ஹோர்ன் அடிக்காமல் காத்திருந்தார். சீதேவி கன நாளைக்குப் பிறகு அவசரமில்லாமல் இருந்தாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு எல்லாரும் இருக்கும்போது சொல்லவேண்டும். கோப்பை எடுக்கப் போகக் கூடாது. இருந்த இடத்திலிருந்தே சொல்லவேண்டும்.

*

ஆனால் அவள் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே நிரோஜினியின் போன் அடித்தது.

“ஓம் டொக்டர்... ஓம், சொல்லுங்கோ...” நிரோஜினியின் முகம் மெல்ல மெல்ல வெளிறியது. போனைக் காதிலிருந்து எடுத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பொருந்தேல்லையாம்,” என்றாள்.

சீதேவிக்கு ஒருகணம் விளங்கவில்லை.

“போன கிழமை பொருந்துது எண்டினம். இண்டைக்குப் பொருந்தேல்லையாம்!” நிரோஜினி திரும்பினாள். “நீங்கள் உள்ளுக்குப் போட்டு வந்த பிறகு பொருந்தேல்ல. உள்ளுக்கு என்ன சொன்னனீங்கள் மச்சாள்?”

“நான் ஒண்டும் சொல்லேல்ல.”

“விருப்பமில்லாட்டி என்ர முகத்தைப் பாத்துச் சொல்லியிருக்கலாமே! நான் என்ன உங்களைக் கட்டியோ இழுத்துக்கொண்டு போறன்?” அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. மேசையில் படித்துக்கொண்டிருந்த மூத்தவள் கீர்த்தனி புத்தகத்தை மூடினாள். அவள் மாமி சீதேவியைப் பார்த்த பார்வையில் முதன்முறையாக ஒரு அந்நியம் இருந்தது.

டொக்டர் அறையில் சொன்னது சீதேவிக்கு நினைவு வந்தது. தான் சொல்லவில்லை. அப்படியானால் அந்தச் சொல்லைச் சொல்லவைக்க உரிமையுள்ள வேறு ஒருவன்தான் இருக்கிறான்.

பிளாஸ்கை எடுத்துக்கொண்டு சிந்துஜனின் அறைக்குள் போனாள். மெஷினில் கிடந்த நாளில் அவன் பிழிந்த துணிபோல இருப்பான். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். ஒரு ஐஸ் கட்டியை எடுத்து அவனுடைய வாயில் வைத்தாள். விரலில் பட்ட உதடு உப்பாகக் காய்ந்திருந்தது.

“நீயோ?” என்றாள்.

அவன் ஐஸ் கரையும் வரைக்கும் அதை நாக்கில் உருட்டினான்.

“நீ போன பிறகு டொக்டர் என்ர கட்டிலடிக்கு வந்தவ. ‘அக்கா படுத்தால் அவவுக்கு ஆர் துணை’ எண்டு கேட்டவ. நான் யோசிச்சன். நல்லா யோசிச்சன் அக்கா. எனக்கு ஒரு பேரும் வரேல்ல.”

வெளியே யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

“எனக்கு நிக்கிறதுக்குப் பேர் பேராச் சொன்னன். உனக்கு எண்டு கேக்க ஒரு பேர் வரேல்ல. அப்பிடிப்பட்டவனுக்கு எதுக்கு உன்ர கிட்னி? வேண்டாம் எண்டு சொல்லிட்டன்.”

“விசரா!” சீதேவியின் கை அவனுடைய தலையில் இருந்தது, அடிக்கவா தடவவா என்று கைக்கே தெரியவில்லை. “எனக்கு ஆள் கிடைச்சிட்டுது. சம்பூர்க் கதிரவேலண்ணை தன்ர வீட்டுக்காரியை அனுப்பிறன் எண்டவர்.”

“அவவின்ர பேர் என்ன?”

சீதேவி வாயைத் திறந்தாள். கதிரவேல் ‘எங்கட வீட்டாள்’ என்றுதான் சொன்னார். எந்தக் கணவன்தான் மனைவியின் பெயரைச் சொல்கிறான்? அவளும் கேட்கவில்லை.

“பாத்தியோ,” என்றான் சிந்துஜன் சுவர்ப்பக்கம் திரும்பி. “பேர் தெரியாத ஒராள்தான் உனக்கு மிச்சம். நாங்கள் உன்னை அப்பிடித்தான் வச்சிருந்தனாங்கள். நிரோஜினிக்கு இதைச் சொல்லாத. சொன்னால் என்னை விடமாட்டாள். அம்மாவாணை.”

அம்மாவின் பெயரால் கட்டிப்போட்டுவிட்டான். அந்தக் கட்டை அவிழ்ப்பது எப்படி என்று அவள் நிற்கும்போதே ஹோலில் நிரோஜினியின் குரல் கேட்டது. அழுகை நின்றிருந்தது. அலுவல் பேசும் குரல்.

“ஓம் பாக்கியரத்தினண்ணை, நான்தான். இனி வேற வழியில்லை... ஆளை உங்களுக்கு நல்லாத் தெரியுமோ?... சம்பூர்ப் பொடியனோ? வயது இருபத்திரண்டோ?... என்ன பேர், லதீசனோ?”

பிளாஸ்க் மூடி சீதேவியின் கையிலிருந்து விழுந்து உருண்டது. அவள் அதைத் தாண்டிக்கொண்டு ஹோலுக்குப் போனாள்.

“நிரோஜினி, போனை வையும்.”

நிரோஜினி போனின் வாயைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தாள். கண்கள் சிவந்திருந்தன. ஆனால் அவற்றில் வன்மம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

“எனக்கும் நல்லவளா இருக்க ஆசைதான் மச்சாள். எனக்கு நேரமில்லை. அவர் சாகப்போறார். அந்தப் பொடியனுக்கு ரெண்டு இருக்கு, காசும் வேணுமாம். பொருந்தாத கிட்னியை வச்சுக்கொண்டு நீங்கள் என்னத்துக்கு மறிக்கிறியள்?”

பொருந்தும் என்று சொல்ல ஒரு சொல் போதும். அந்தச் சொல் சீதேவியின் நாக்கில் வந்து நின்றது.

அறை வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு, எழும்பக் கூடாத தம்பி எழும்பி வந்து நின்றான். மனைவிக்குப் பின்னால் நின்றதால் அவளுக்கு அவன் தெரியவில்லை. அக்காவுக்கு மட்டும் தெரியும்படி, வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.